கவர்னர் வண்டியில்... கடிகாரம் ஆபீஸில்!

லாரியின் முதுகு ஒரு பொதுச் சுவர். 'ஹாரன் அடிக்கவும்' என்பதில் ஆரம்பித்து, திருஷ்டிக்கு ஒரு நாக்கு நீட்டிய பூதம், குலதெய்வம், கட்சித் தலைவர், முதலாளியின் பேரப்பிள்ளைகள் என்று சகலரும் அங்கே குடியிருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து புறப்பட்டு கல்கத்தா ரோட்டில் ஏறுகிற வண்டிகளின் முதுகில் (என்.ஹெச்.5 என்றே சொல்லிப் பழகியவர்களுக்கு: அதன் நம்பர் இப்போது 16) இந்தக் கும்பலோடு இன்னும் இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஒருவர், வட்டத்துக்குள் '80' அல்லது '60'. இன்னொருவர், 'நான் ஒழுங்காக ஓட்டுகிறேனா? இந்த நம்பரில் சொல்லுங்கள்.'

அந்த நம்பரை நீங்கள் படித்துப் பார்த்ததுண்டா? கடுகு சைஸில் இருக்கும். படிக்க வேண்டுமானால் லாரியின் பம்பரை முத்தமிடுகிற தூரத்துக்குப் போக வேண்டும். வண்டி வேகமாகப் போகிறது என்று புகார் சொல்ல நினைத்தால் இன்னும் விசேஷம். துரத்திப் பிடித்துத்தான் நம்பர் பார்க்க முடியும். அதாவது, புகார் கொடுக்கும் முன் நாமும் அதே குற்றத்தைச் செய்தாக வேண்டும்!

கம்பெனிகளின் 'வேகக் கொள்கை' என்பதன் வெளிமுகம் இது. உள்முகத்தைக் கொஞ்சம் பார்க்கக் கிடைத்தது. நண்பர் ஒருவர் சிப்காட்டில் சின்னதாக ஒரு பாக்டரி வைத்திருக்கிறார். வருஷத்துக்கு நாலு முறை கணக்குப் பார்க்கப் போவேன். (எழுதிப் பிழைக்கிறவன் பி.காம். படித்து வைத்தது இந்த மாதிரி விஷயத்துக்குத்தான் உதவுகிறது.) அங்கே போய் டீக்கடையில் உட்கார்ந்தால் முக்கால்வாசிப் பேர் டிரைவர்கள். பேச்சு தானாக வேகத்தைப் பற்றித் திரும்பிவிடும்.

முதலில் அந்த '80' என்ன என்று பார்த்துவிடலாம்.

வண்டிக்குள் ஒரு கவர்னர் இருக்கிறார். உடனே நிமிர்ந்து உட்காராதீர்கள். மசோதாவை நிறுத்தி வைக்கிற கவர்னர் இல்லை, டீசலை நிறுத்தி வைக்கிற கவர்னர். ஸ்பீடு கவர்னர். இவருடைய கொள்ளுத்தாத்தா 1788-ல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினில் மாட்டிய சாதனம். இரண்டு இரும்புக் குண்டுகள் ராட்டினம் மாதிரி சுற்றும். எஞ்சின் வேகமெடுத்தால் குண்டுகள் விலகும். விலகினால் நீராவி வால்வு மூடும். அவ்வளவுதான் தத்துவம். இன்றைய லாரியில் குண்டுகள் போய், கியர்பாக்ஸில் ஒரு சென்சார் வந்துவிட்டது. வேகம் குறித்த எல்லையைத் தொட்டதும் டீசல் வரத்து குறையும். ஆக்ஸிலேட்டரை நீங்கள் தரையோடு தரையாக அழுத்தினாலும், 'அழுத்துங்க, அழுத்துங்க' என்று வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 118-வது விதி இவருக்கானது. 2015 ஏப்ரலில் அதைத் திருத்தி, அந்த வருஷம் அக்டோபர் 1-க்குப் பிறகு தயாராகிற போக்குவரத்து வாகனங்களில் கவர்னர் கட்டாயம், உச்ச வேகம் 80 என்று வைத்தார்கள். டேங்கர், டிப்பர், ஸ்கூல் பஸ், ஆபத்தான சரக்கு ஏற்றுகிற வண்டிகளுக்கு 60. ஆம்புலன்ஸ், ஃபயர் சர்வீஸ், போலீஸ் வண்டிகளுக்கு விலக்கு.

கவர்னரைக் கழற்றி விடுகிற கலையும் கூடவே வளர்ந்தது. சீலை உடைத்து ஒரு வயரைப் பிடுங்கினால் போதும், எஃப்.சி.க்கு முன்தினம் மறுபடி மாட்டினால் போதும் என்று சில வண்டிகளில் நடந்ததை டிரைவர்களே சொல்வார்கள். இப்போது வருகிற வண்டிகளில் அது எஞ்சினின் கம்ப்யூட்டருக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டதால் வயர் பிடுங்குவது அத்தனை சுலபமில்லை.

கவர்னரால் ஒரு வேடிக்கையும் உண்டு. ஜெர்மனியில் இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள், 'யானைப் பந்தயம்' என்று. ஐரோப்பாவில் 1992-ல் போட்ட உத்தரவுப்படி பெரிய லாரிகள் எல்லாவற்றுக்கும் 90-ல் பூட்டு. ஒரு லாரியின் பூட்டு 90-ல் விழுகிறது, இன்னொன்றுக்கு 88-ல். பின்னால் வருகிறவர் முன்னால் போகிறவரை ஓவர்டேக் செய்ய ஆசைப்படுகிறார். அவ்வளவுதான், இரண்டு யானைகளும் ஜோடியாக நெடுஞ்சாலையை அடைத்துக்கொண்டு நடக்கும், பின்னால் கார்க்காரர்கள் ஜெர்மன் மொழியில் திட்டிக்கொண்டு வருவார்கள்.

நம் ஊர்க் கணக்கில் போட்டுப் பார்த்தேன். முன்னால் 78, பின்னால் 80. வித்தியாசம் மணிக்கு 2 கிலோமீட்டர். இரண்டு லாரிகளின் நீளம், முன்னும் பின்னும் இடைவெளி எல்லாம் சேர்த்து 50 மீட்டர் முந்த வேண்டும் என்று வையுங்கள். 90 செகண்டு ஆகும். அதற்குள் இரண்டும் சேர்ந்து 2 கிலோமீட்டர் கடந்திருக்கும்! கவரைப்பேட்டைப் பக்கம் ஆரம்பித்த ஓவர்டேக் அதற்குள் அடுத்த ஊரை எட்டிப்பார்க்கும். பின்னால் மாட்டிக்கொண்டவர் 'லாரிக்காரனுங்க திமிரைப் பாரு' என்பார். திமிர் இல்லை ஸார், வகுத்தல் கணக்கு.

சிரிப்பை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொன்னால், வேகத்துக்குப் பூட்டு நல்லதுதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 80-ல் போகிற வண்டி ஒரு செகண்டில் 22 மீட்டர் போகிறது. டிரைவர் கண்ணால் பார்த்து, மூளை சொல்லி, கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஒரு செகண்டு காலி. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் சக்தி நாலு மடங்கு. 60-லிருந்து 80-க்குப் போவது 'இன்னும் கொஞ்சம்' மாதிரித்தான் தெரியும். சக்தியோ ஏறக்குறைய 1.8 மடங்கு. மூன்று ஆக்ஸில் லாரியின் மொத்த எடை வரம்பை 2018-ல் 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்திவிட்டார்கள். அந்த 28.5 டன்னும் சேர்ந்துதான் பிரேக்கைத் தள்ளும். 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அதில் நூற்றுக்கு 71 சாவுக்கு அதிவேகம் காரணம் என்று எழுதியிருக்கிறது. விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த வருஷம் நம் தமிழ்நாடுதான் முதலிடம், 64,105. (எந்தப் பட்டியலிலும் முதலிடம் வந்தால் கை தட்டுகிற பழக்கத்தை இங்கே மட்டும் தவிர்க்கவும்.)

ஆனால் கவர்னருக்கு ஒரு குறை. அவருக்குக் கண் தெரியாது. ஆந்திரா எல்லை தாண்டி வெறிச்சோடிக் கிடக்கிற நாலு வழிச் சாலையிலும் 80, செங்குன்றத்தில் ஷேர் ஆட்டோவும் மாடும் ஸ்கூல் சைக்கிளும் கலந்து கட்டி வருகிற இடத்திலும் அதே 80. சென்னை மாநகரப் போலீஸ் 2023 நவம்பரில் கனரக வாகனங்களுக்கு 50 என்று வரம்பு வைத்தது. அது கவர்னருக்குத் தெரியாது. ஜனப்பன்சத்திரம் கூட்டு ரோட்டில் பெரியபாளையத்தம்மனுக்கு ஆடி மாசக் கூட்டம் திரும்புகிறது என்பதும் தெரியாது. எங்கே 80 போகலாம், எங்கே 20 கூட அதிகம் என்பதை டிரைவரின் கால்தான் முடிவு செய்ய வேண்டும்.

சரி, அந்தக் காலை யார் முடிவு செய்கிறார்கள்? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

* * *

டீக்கடையில் பேசிய டிரைவருக்கு ஐம்பது வயசிருக்கும். இருபத்தெட்டு வருஷ ஸ்டியரிங். கும்மிடிப்பூண்டியிலிருந்து விஜயவாடாவுக்கு இரும்பு லோடு அடிக்கிறவர்.

"அண்ணே, உங்க கம்பெனியில ஸ்பீடு ரூல் உண்டா?"

"ஓ, பேஷா உண்டு சார். வருஷா வருஷம் ஜனவரி மாசம் பாதுகாப்பு வாரம் கொண்டாடுவாங்க. ரோஜாப்பூ குடுப்பாங்க. உறுதிமொழி எடுப்போம். 'நான் வேகமாக ஓட்ட மாட்டேன்'னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். ஜி.பி.எஸ். மாட்டியிருக்கு. எழுபத்தஞ்சைத் தாண்டினா ஆபீஸ்ல பீப்னு கத்தும். மாசத்துல மூணு தடவை கத்தினா பேட்டாவுல பிடிப்பாங்க."

"நல்ல ஏற்பாடாத்தானே இருக்கு?"

"ஏற்பாடு நல்லாத்தான் இருக்கு. போன் ரெண்டு வருதே சார்!"

"ரெண்டா?"

"மேடத்துக்கிட்டேர்ந்து ஒண்ணு வரும். சேஃப்டி டிபார்ட்மெண்ட். 'ஏன் அண்ணே நாயுடுபேட்டைகிட்ட எழுபத்தாறுல போனீங்க?'ன்னு. அந்தம்மா வெச்ச அஞ்சாவது நிமிஷம் டெஸ்பாட்ச் போன் பண்ணும். 'எங்க இருக்க? இன்னும் நெல்லூர் தாண்டலையா? பார்ட்டி கத்தறான்யா'ன்னு. ரெண்டு பேருக்கும் சம்பளம் ஒரே முதலாளி. ரெண்டு பேரும் ஒரே ரூம்ல எதிரெதிர் மேஜை. என்கிட்ட மட்டும் தனித்தனியா பேசறாங்க."

இந்த வாக்கியத்தைக் கேட்டதும் டீ ஆறிப்போவது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். கவர்னர், ஸ்டிக்கர், ரோஜாப்பூ, உறுதிமொழி எல்லாம் ஒரு மேஜையின் தயாரிப்பு. எதிர் மேஜையில் உட்கார்ந்து ஒருவர், வண்டி எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று எழுதுகிறார். அந்தப் பேப்பருக்குப் பெயர் டிரிப் ஷீட். உண்மையான வேகக் கொள்கை அதில்தான் இருக்கிறது, யாரும் அதை அந்தப் பெயரில் கூப்பிடுவதில்லை.

டிரைவருக்கு இன்னொரு நெருக்கடி, டிரிப்புக்கு இவ்வளவு என்று கூலி. மாசத்துக்கு எட்டு டிரிப் அடித்தால் ஒரு வருமானம், ஆறு டிரிப் என்றால் வேறு வருமானம். ஸ்கூல் ஃபீஸ் டிரிப் கணக்குப் பார்ப்பதில்லையே! கூலியை ஓட்டத்துக்கு இத்தனை என்று வைத்துவிட்டு, "மெதுவாகப் போ" என்று சுவரில் எழுதுவதை எங்கள் காஸ்ட் அக்கவுண்டன்ஸி வாத்தியார் பார்த்திருந்தால் சிவப்பு மையால் வட்டம் போட்டிருப்பார்.

"கவர்னர் வந்தப்புறம் எப்படிண்ணே?" என்று கேட்டேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க. முன்னல்லாம் ரோடு காலியா இருந்தா தொண்ணூறு, தொண்ணூத்தஞ்சு வரைக்கும் விடுவோம். பண்ணக்கூடாதுதான். ஆனா அதுல மிச்சம் புடிச்ச டயத்துல ஓங்கோல் தாண்டி ஒரு மணி நேரம் கண் அசருவோம். இப்ப எண்பதுக்கு மேல போவ முடியாது. டயம் மட்டும் அதே டயம். அப்ப எதுல கை வெக்கிறது? தூக்கத்துலதான்."

ஒரு நிமிஷம் இதை யோசியுங்கள். காலத்தை மாற்றாமல் வேகத்தை மட்டும் பூட்டினால், அவசரம் எங்கேயும் போய்விடுவதில்லை. நெடுஞ்சாலையிலிருந்து எழுந்து, டிரைவரின் படுக்கைக்குப் போகிறது. சாப்பாட்டுக்குப் போகிறது. முன்பு கூட்டத்தைப் பார்த்தால் 30-க்கு இறங்கியவர், "போன நேரத்தை எங்கே பிடிப்பது?" என்ற கவலையில் கடைவீதியில் 55-ல் போகிறார். கவர்னர் ஒன்றும் சொல்ல மாட்டார். ஜி.பி.எஸ்.ஸும் பீப் சொல்லாது. 55 என்பது 75-க்குக் கீழேதானே! மாசக் கடைசியில் ரிப்போர்ட்டில் 'அதிவேகச் சம்பவங்கள்: பூஜ்யம்' என்று வரும். மேனேஜ்மெண்ட் கை தட்டும்.

* * *

எதிர் மேஜைக்காரரையும் பார்க்கலாமே என்று வேறொரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் டெஸ்பாட்ச் பார்க்கிறவரிடம் பேசினேன். வில்லன் மாதிரி இருப்பார் என்று எதிர்பார்த்துப் போனால், என்னை மாதிரியே ஒரு பி.காம்.! நெற்றியில் விபூதி, காதில் போன், இன்னொரு போன் சார்ஜில். கம்ப்யூட்டரில் டிரிப் ஷீட்டைக் காட்டினார். ஊர், கிலோமீட்டர், புறப்பாடு, வந்துசேர வேண்டிய நேரம். கடைசிக் கட்டம் தானாகவே வருகிறது.

"இது எப்படி வருது?"

"ஃபார்முலா சார். கிலோமீட்டரை எண்பதால வகுக்கும். மேல ஒரு மணி நேரம் கூட்டிக்கும்."

"எண்பது எங்கேர்ந்து வந்தது?"

"கவர்னர் எண்பதுதானே?" என்றார் வெள்ளந்தியாக.

பார்த்தீர்களா? அரசாங்கம் 'இதற்கு மேல் போகாதே' என்று வைத்த உச்ச வரம்பு, ஆபீஸுக்குள் வந்ததும் 'இதற்குக் கீழே போகாதே' என்று சராசரி ஆகிவிட்டது! விஜயவாடா சுமார் 400 கிலோமீட்டர். 80-ஆல் வகுத்தால் 5 மணி. கூட ஒன்று, ஆக 6. உச்ச வேகமே 80 என்கிற வண்டி, சராசரியாக 80 போக வேண்டுமானால் ஒரு விநாடிகூட 79-க்கு இறங்கக்கூடாது. எளாவூர் சோதனைச்சாவடியில் நிற்கக்கூடாது, டோல்கேட்டில் மெதுவாகக்கூடாது, கூடூர் பக்கம் மழை பெய்யக்கூடாது, டிரைவருக்குச் சிறுநீரகம் இருக்கக்கூடாது. கூட்டிக் கொடுத்திருக்கிற அந்த ஒரு மணி நேரத்தில் இத்தனையும் அடங்கியாக வேண்டும். நான் அதே 400-ஐ 45-ஆல் வகுத்துப் பார்த்தேன். ஏறக்குறைய 9 மணி. ஓய்வைச் சேர்த்தால் 10. இந்தப் பத்துக்கும் அந்த ஆறுக்கும் நடுவே கிடக்கிற நாலு மணி நேரத்தை டிரைவர்தான் தன் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். பாலன்ஸ் ஷீட்டில் இதற்குத் தலைப்பே கிடையாது.

தூரத்து டிரிப்பாவது பரவாயில்லை. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் போகிற கண்டெய்னர் வண்டிகளின் கதை இன்னும் தமாஷ். கப்பலுக்கு ஒரு 'கேட் கட்ஆஃப்' உண்டு. இத்தனை மணிக்குள் பெட்டி உள்ளே போகாவிட்டால் கப்பல் போய்விடும். பாக்டரியில் பாக்கிங் நாலு மணி நேரம் லேட்டாகும். பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டியவர் சாப்பிடப் போயிருப்பார். லேபிள் தப்பாக ஒட்டிப் பிரித்து ஒட்டுவார்கள். இத்தனை பேரின் லேட்டையும் ஒன்றாகக் கூட்டி, மூட்டை கட்டி, கடைசியில் டிரைவர் தலையில் வைத்து, "சீக்கிரம் போப்பா" என்பார்கள். தச்சூர் கூட்டு ரோட்டில் திரும்பி, பொன்னேரி, மீஞ்சூர் வழியாக ஒரு 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60-ல் போனால் 40 நிமிஷம். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு 80-ல் போனால் 30 நிமிஷம். லாபம் 10 நிமிஷம்!

அந்தப் பத்து நிமிஷத்தைச் சம்பாதித்துக்கொண்டு போனால், துறைமுக வாசலில் க்யூ. வடசென்னைப் பக்கம் வசிப்பவர்களுக்கு டிரெய்லர் க்யூ பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மணிக்கணக்கில் நிற்கும். டிரைவர்கள் வண்டிக்குக் கீழே தூளி கட்டித் தூங்கி, எழுந்து, சமைத்து, சாப்பிட்டு, பக்கத்து வண்டிக்காரரோடு சம்பந்தம் பேசி முடித்துவிடுகிற அளவுக்கு நேரம் இருக்கும். சாலையில் பத்து நிமிஷம் மிச்சம் பிடிக்க மனித உயிர். வாசலில் ஐந்து மணி நேரம் வீணாக யாருக்கும் கவலையில்லை. ஓடுகிற லாரியை மட்டும்தான் அவசரப்படுத்தத் தெரிகிறது, நிற்கிற லாரியை அவசரப்படுத்த யாருக்கும் போன் நம்பர் கிடைப்பதில்லை.

* * *

இதெல்லாம் சட்டத்துக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். ரொம்ப நன்றாகத் தெரியும்!

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 183-வது பிரிவு, அதிவேகம் பற்றியது. அதன் நாலாவது உட்பிரிவைப் படித்துவிட்டு நாற்காலியில் நேராக உட்கார்ந்தேன். பயணத்துக்கென்று ஒரு கால அட்டவணை வெளியிட்டாலோ, 'இத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும்' என்று உத்தரவு கொடுத்தாலோ, வேக வரம்பை மீறாமல் அந்த நேரத்துக்குள் போக நடைமுறையில் முடியாது என்று கோர்ட் கருதினால், அந்த அட்டவணை அல்லது உத்தரவே அதைக் கொடுத்தவர் குற்றம் செய்தார் என்பதற்கு முதல்நோக்குச் சாட்சியம். அதாவது டிரிப் ஷீட்டே சாட்சி! எழுதியவருக்கு எதிராக! 2019-ல் சட்டத்தைத் திருத்தியபோது, வேகமாக ஓட்டுகிறவர், தன் கீழ் வேலை பார்ப்பவரை ஓட்டவைப்பவர் இருவரையும் ஒரே வாக்கியத்தில் கொண்டுவந்தார்கள்.

எவ்வளவு தீர்க்கதரிசனம்! எதிரெதிர் மேஜை விவகாரம் டில்லியில் சட்டம் எழுதியவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

ஆனால் அபராதப் பட்டியலுக்கு வந்தால் சுதி இறங்கிவிடுகிறது. கனரக வாகனம் என்றால் 2,000 ரூபாயிலிருந்து 4,000 வரை. இரண்டாம் தடவை? டிரைவரின் லைசென்ஸைக் கைப்பற்றுவார்கள். நேரம் குறித்துக் கொடுத்தவரிடம் கைப்பற்ற என்ன இருக்கிறது, பால்பாயிண்ட் பேனாவா?

அதே டிரிப்பில் யாராவது இறந்துபோனால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில் டிரைவருக்கு 5 வருஷம் வரை ஜெயில். பழைய இ.பி.கோ. 304-ஏ-யில் இது 2 வருஷமாக இருந்தது. மோதிவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் 10 வருஷம் என்று ஓர் உட்பிரிவு சேர்த்ததால்தான் 2024 ஜனவரி முதல் வாரம் வட மாநிலங்களில் லாரிகள் நின்று, பெட்ரோல் பங்குகளில் ஜனம் க்யூவில் நின்றது ஞாபகமிருக்கும். ஜூலை 1-ல் சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்திவைத்தார்கள்.

எஃப்.ஐ.ஆர். எழுதுகிறவர்களுக்கு ஒரு மனப்பாட வாக்கியம் உண்டு. 'வாகனத்தை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து...' எந்த ஸ்டேஷனில் வாங்கினாலும் இதேதான். 'எத்தனை மணிக்குப் போய்ச் சேரச் சொன்னார்கள்?' என்று கேட்டு டிரிப் ஷீட்டைக் கைப்பற்றினால் 183(4) உயிர் பெறும். ஒரே ஒரு தாள், ஒரே ஒரு வகுத்தல்.

ஓய்வுக்கும் சட்டம் இல்லாமலில்லை. 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்று போட்டார்கள். சாதாரணமாக நாளுக்கு 8 மணி நேரம், ஒரேயடியாக 5 மணிக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, நடுவில் அரை மணியாவது ஓய்வு என்றெல்லாம் அதில் இருந்தது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அமலாகி இது அவற்றில் ஐக்கியமாகிவிட்டது. அறுபது வருஷத்துக்கு மேல் வாழ்ந்த சட்டம்! அப்படி ஒன்று இருப்பதைத் தன் வாழ்நாளில் யாரும் தன்னிடம் சொன்னதில்லை என்றார் நம்ம டிரைவர். 2025 அக்டோபரிலிருந்து தயாராகிற லாரிகளில் ஏ.ஸி. கேபின் கட்டாயம் என்று வந்திருப்பதை மட்டும் தேதியோடு சொன்னார்.

வெளிநாட்டுக்காரர்கள் இந்தக் கடிகார விவகாரத்தைக் கொஞ்சம் முன்னால் கண்டுபிடித்துவிட்டார்கள். அமெரிக்காவில் டொமினோஸ் பீட்ஸாக் கம்பெனி '30 நிமிஷத்தில் வீட்டு வாசலில்' என்று உத்தரவாதம் கொடுத்து ஓகோவென்று இருந்தது. டெலிவரி வண்டி மோதிக் காயமடைந்த ஒரு பெண்மணி கேஸ் போட, 1993-ல் செயிண்ட் லூயிஸ் ஜூரி 7 கோடி டாலருக்கும் மேல் தீட்டிவிட்டது. அந்த வருஷமே உத்தரவாதம் வாபஸ். ஜூரி பார்த்தது ஸ்பீடாமீட்டரை மட்டுமல்ல, அந்த '30 நிமிஷ'த்தையும்தான்.

ஆஸ்திரேலியாவில் 2014-லிருந்து பல மாநிலங்களில் நடப்பில் இருக்கிற கனரக வாகனச் சட்டம் இன்னும் ஒரு படி மேல். சரக்கை அனுப்புகிறவர், ஏற்றுகிறவர், வாங்குகிறவர், 'நேரம் குறித்துக் கொடுக்கிறவர்' என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பொறுப்பில் நிறுத்துகிறது. ஜப்பானில் வேறு மாதிரிச் சிக்கல். லாரி டிரைவர் வருஷத்துக்கு 960 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் பார்க்கக்கூடாது என்று 2024 ஏப்ரலில் சட்டம் வந்தது. நேரம் குறைந்ததும் என்ன செய்தார்கள் தெரியுமா? அதே மாசம் எக்ஸ்பிரஸ்வேயில் பெரிய லாரிகளின் வரம்பை 80-லிருந்து 90 ஆக்கினார்கள்! நேரத்தைத் தொட்டால் வேகம் அசைகிறது, வேகத்தைத் தொட்டால் நேரம் அசைகிறது. இரண்டும் ஒரே கயிற்றின் இரு முனைகள் என்பதை ஒப்புக்கொண்டாவது செய்தார்கள்.

நம் கம்பெனிகளில் இது தனித்தனி மேஜை. சில இடங்களில் மூன்றாவது மேஜையும் உண்டு: டீசல் கணக்கு. வேகம் குறைந்தால் காற்றின் எதிர்ப்பு குறைகிறது, டீசல் மிச்சம். வேகக் கொள்கையைப் பல முதலாளிகள் உற்சாகமாக வரவேற்றதில் இதற்கும் பங்குண்டு. அதைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். அமெரிக்காவே 1974-ல் நாடு முழுக்க மணிக்கு 55 மைல் என்று வரம்பு வைத்தது, எண்ணெய்ப் பஞ்சத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்கத்தான். ஆனால் மிச்சமான டீசல் காசில் ஒரு பகுதியை டிரிப் கூலியில் சேர்த்து, 'நேரம் ஆனாலும் உனக்கு நஷ்டமில்லை' என்று சொன்னால் டிரைவரின் கால் தானாகவே லேசாகும். ரோஜாப்பூவைவிட மலிவு.

183(4) பற்றி அந்த டிரைவரிடம் அடுத்த தடவை பார்த்தபோது சொன்னேன். இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பிறகு சிரித்தார்.

"நல்ல சட்டம் சார். இதை நான் ஆபீஸ்ல போய்ச் சொன்னேன்னா அடுத்த லோடு வேற டிரைவருக்குப் போயிடும். அவன் சொன்னான்னா எனக்கு வரும். சரக்கு அனுப்பற பெரிய கம்பெனிக்காரன் கேட்டாத்தான் சார் நடக்கும்."

நியாயம். சிப்காட்டில் பெரிய கம்பெனி வாசலில் லாரி நுழையும்போது என்னவெல்லாம் பார்க்கிறார்கள்! ஹெல்மெட் இருக்கிறதா, ஷூ இருக்கிறதா, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை இருக்கிறதா, முதலுதவிப் பெட்டியில் பஞ்சு இருக்கிறதா... எல்லாவற்றுக்கும் டிக் அடிக்க அட்டை உண்டு. 'உனக்கு எத்தனை மணிக்குள் போகச் சொல்லியிருக்கிறார்கள்? நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய்?' என்று கேட்க அந்த அட்டையில் இரண்டு வரி சேர்த்தால் மை தீர்ந்துவிடுமா?

டெஸ்பாட்ச் நண்பரையும் விடவில்லை. அவர் சட்டத்தைக் கேட்டுக் கொஞ்சம் பயந்துதான் போனார். எனக்கு முன்னாலேயே ஃபார்முலாவில் கை வைத்து 80-ஐ அழித்து 45 என்று தட்டினார். திரையில் விஜயவாடா வரிசை முழுவதும் மடமடவென்று மாறியது. காலை நாலு மணிக்கு இறக்க வேண்டிய லோடு, ராத்திரி பத்துக்குப் பதிலாக மாலை ஆறு மணிக்கே புறப்பட்டாக வேண்டும் என்று காட்டியது.

அவர் அந்த ஆறு மணியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிரைவருங்க சந்தோஷப்படுவாங்க சார், அது சரி. ஆறு மணிக்கு வண்டி கிளம்பணும்னா பாக்கிங்கை அஞ்சு மணிக்கு முடிக்கணும். அந்த செக்‌ஷன் மேனேஜர்கிட்ட இதை யார் சார் சொல்றது? நீங்க வர்றீங்களா?"